இ-வே பில்: வழங்கிகள் பேசிக்கொள்ளும் முறை திருத்தங்கல் சரக்குக்கு வந்த வரலாறு

இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்பது உலாவி மட்டுமன்று. ஒரு வழங்கியில் (சர்வரில்) இயங்கும் நிரலும் இன்னொரு வழங்கியிடம் கோரிக்கை அனுப்பித் தகவல் பெறலாம். மனிதர் யாரும் திரையைப் பார்க்காமலேயே நடக்கும் இந்தப் பரிமாற்றம் 1990களில் சிறு வசதியாகத் தொடங்கியது. இன்று இந்தியாவில் ஒரு லாரிச் சரக்கு சட்டப்படி நகர்வதற்கு வேண்டிய எண்ணையே பல நிறுவனங்கள் இந்த வழியில்தான் பெறுகின்றன. அந்த எண்ணுக்கு இ-வே பில் எண் என்று பெயர்.

விருதுநகர் மாவட்டத்தின் திருத்தங்கல் வட்டாரம் இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் ஆகிய மூன்றும் நடக்கும் சிவகாசிப் பகுதியின் ஓர் அங்கம் இது. திருத்தங்கல் 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இங்கே செய்யப்படும் பொருள்களில் பெரும்பகுதி உள்ளூரில் விற்பதற்கானவை அல்ல. மாநில எல்லைகளைக் கடந்து வடஇந்தியா வரை செல்பவை. ஆகவே சரக்கு நகர்வுக்கான ஆவணம் எந்த வடிவில் இருக்கிறது என்பது இங்குள்ள தொழிலை நேரடியாகத் தொடும் கேள்வி.

தங்காலில் ஒரு பழைய வழக்கு

கையில் உள்ள பொருளுக்குச் சான்று காட்டவேண்டிய நிலை இவ்வூருக்குப் புதிதல்ல. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் உள்ள திருத்தங்கல், வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இவ்வூர் தங்கால் என்ற பெயரில் வருகிறது. சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் சோழநாட்டு அந்தணன் இவ்வூரில் தங்குகிறான். தன்னோடு சேர்ந்து வேதம் ஓதிய சிறுவன் ஒருவனுக்கு அணிகலன்களைக் கொடுத்துவிட்டுச் செல்கிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன் வீட்டில் திடீரென்று தோன்றிய செல்வத்தைக் கண்ட அரச ஊழியர்கள், அது அரசனுக்குச் சேரவேண்டிய புதையல் என்று கருதி அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். பின்னர் உண்மையை அறிந்த பாண்டிய மன்னன் அவனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் கொடையாக அளிக்கிறான்.

பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று காட்ட ஆவணம் இல்லாததால் வந்த துன்பம் இது. இன்றைய இ-வே பில்லின் முதல் பகுதியும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறது. கேட்பவரும் பதில் சொல்பவரும் கணினிகளாக இருக்கலாம் என்பதே வேறுபாடு.

உலாவி இல்லாமல் கேட்டல்: 1990 முதல் 2000 வரை

ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வலை, 1990 இறுதியில் இயங்கத் தொடங்கியது. அதன் தொடக்க நெறிமுறையில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. ஒரு பக்கத்தைக் கேட்கும் ‘கெட்’ என்னும் கட்டளை அது. கேட்பவர் உலாவி வழியாகக் கேட்கிறாரா, ஏதேனும் நிரல் கேட்கிறதா என்பதை நெறிமுறை பொருட்படுத்தவில்லை. வழங்கிகளுக்கிடையிலான கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் இந்த எளிமையே அடிப்படை.

1993இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிறுவனத்தில் உருவான சி.ஜி.ஐ. முறை, வழங்கியில் நிரல்கள் இயங்கிப் பக்கங்களை ஆக்கித்தர வழிசெய்தது. பெர்ல் மொழி இதற்குப் பரவலாகப் பயன்பட்டது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. இவ்வேலையை மேலும் எளிதாக்கியது. வழங்கியில் ஒரு நிரல் இயங்க முடியும் என்றால், அந்த நிரலே இன்னொரு வழங்கியிடம் போய்க் கேட்கவும் முடியும். பெர்ல் மொழிக்கான லிப்டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. நூலகம் 1990களின் நடுப்பகுதியிலேயே இதற்கு வழி தந்தது.

இன்று உலகெங்கும் பரவியுள்ள கர்ல் என்னும் கருவியின் தோற்றம் இந்தத் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது. சுவீடன் நிரலாளர் டேனியல் ஸ்டென்பர்க், அரட்டை அறை ஒன்றில் இயங்கிய தானியங்கி நிரல் நாணய மாற்று விகிதங்களைச் சொல்லவேண்டும் என்று விரும்பினார். விகிதங்கள் ஒரு வலைப்பக்கத்தில் இருந்தன. நாள்தோறும் அப்பக்கத்தைத் தானே எடுத்துவரும் நிரல் அவருக்குத் தேவைப்பட்டது. பிரேசிலைச் சேர்ந்த ரபேல் சாகுலா 1996இல் எழுதிய சிறு நிரலை எடுத்து அவர் வளர்த்தார். இருமுறை பெயர் மாறிய அந்நிரல் 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. 2000இல் அது பிற நிரல்கள் பயன்படுத்தக்கூடிய நூலகமாகவும் ஆனது. அதே ஆண்டில் பி.எச்.பி. மொழியின் 4.0.2 பதிப்பில் கர்ல் இணைக்கப்பட்டது. அதன்பின் சிறு நிறுவனத்தின் வலைத்தளம்கூடச் சில வரிகளில் வேறொரு வழங்கியோடு பேச முடிந்தது.

மனிதர் படிப்பதற்காக எழுதிய பக்கத்தைப் பிரித்து எண்களைப் பொறுக்குவது நம்பகமான வழி அன்று. பக்கத்தின் வடிவம் மாறினால் நிரல் தவறிவிடும். ஆகவே நிரல்கள் படிப்பதற்கென்றே தனி முகவரிகளைத் திறந்துவைக்கும் வழக்கம் வந்தது. இதுவே ஏ.பி.ஐ. எனப்படுகிறது. 1998இல் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. உருவானது. 2000இல் ராய் ஃபீல்டிங் தமது முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்பை விளக்கினார். தகவலைச் சுருக்கமாக எழுதும் ஜேசான் வடிவம் 2006இல் இணையத் தர ஆவணமாகப் பதிவானது. இந்திய வரி அமைப்பு பின்னர் கையாண்ட கருவிகள் இவைதாம்.

நிரல் ஏன் வழங்கியில் இருக்கவேண்டும்

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே கோரிக்கை அனுப்பலாமே, இடையில் வழங்கி எதற்கு?

முதற்காரணம் மறைபொருள். உலாவிக்கு அனுப்பப்படும் நிரலில் கடவுச்சொல்லையோ இரகசியச் சாவியையோ வைத்தால், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் படித்துவிடலாம். வழங்கியில் உள்ள நிரலைப் பயனர் பார்ப்பதில்லை. அது தரும் விடையை மட்டுமே பார்க்கிறார்.

இரண்டாம் காரணம் உலாவியின் கட்டுப்பாடு. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் இன்னொரு தளத்தின் தகவலை விருப்பம்போல் படிக்கக்கூடாது என்னும் விதி 1990களின் நடுப்பகுதியிலிருந்தே உலாவிகளில் உள்ளது. மற்றத் தளம் வெளிப்படையாக இசைந்தாலன்றி இந்தத் தடை நீங்காது. வழங்கியில் இயங்கும் நிரலுக்கு இத்தடை இல்லை.

மூன்றாம் காரணம் முகவரி. வீட்டு இணைப்பின் ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். வழங்கிக்கு நிலையான முகவரி உண்டு. இன்ன முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டும் ஏற்பேன் என்று எதிர்முனை வரையறுத்துக்கொள்ளலாம்.

இம்மூன்று காரணங்களும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: கேட்பது யார்? வழங்கி அனுப்பும் கோரிக்கை ஒருவருடைய அதிகாரத்தைச் சுமந்து செல்கிறது. அந்த அதிகாரத்தை யாரும் திருடாமலும் ஏமாற்றிப் பயன்படுத்தாமலும் காப்பது நிரலாளரின் பொறுப்பு. 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்த தகவல் திருட்டு இதற்கு எடுத்துக்காட்டு. வங்கியின் மேகக் கணினி வழங்கி ஒன்றை வெளியாள் ஏமாற்றி, உள்முகவரி ஒன்றுக்குக் கோரிக்கை அனுப்பச்செய்து, அதன் வழியாக அனுமதிச் சாவிகளைப் பெற்றார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் தகவல்களும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவல்களும் வெளியாயின. கோரிக்கையை அனுப்பியது வங்கியின் சொந்த வழங்கி என்பதால் எதிர்முனை அதை நம்பிவிட்டது.

சோதனைச்சாவடியிலிருந்து இணையதளத்துக்கு

சரக்கு மற்றும் சேவை வரி வருவதற்கு முன், ஒரு லாரிச் சரக்கின் பயணம் காகிதங்களால் ஆனது. தமிழ்நாட்டில் மதிப்புக்கூட்டு வரி 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்தது. மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்கு மத்திய விற்பனை வரியும், குறைந்த வரி விகிதத்தைப் பெற வாங்குபவரிடமிருந்து வரவேண்டிய ‘சி’ படிவமும் இருந்தன. வழியில் பல மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடி உண்டு. படிவங்களைக் காட்டி முத்திரை பெறும்வரை வண்டிகள் வரிசையில் நிற்கும்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் எல்லைச் சாவடிகளை அகற்றின. சாவடி இல்லாத நிலையில் சரக்கின் நகர்வை எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்விக்கு விடையாக வந்ததே இ-வே பில். மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 138ஆம் விதி இதற்குரியது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்பும் முன், அதன் விவரங்களை இணையதளத்தில் பதிந்து 12 இலக்க எண் பெறவேண்டும். தேசியத் தகவலியல் மையம் இந்த அமைப்பை உருவாக்கியது. முதலில் கர்நாடகம் 2017 செப்டம்பரில் இதைத் தொடங்கியது.

நாடு முழுவதற்கும் 2018 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த முதல் நாளிலேயே இணையதளம் சுமை தாங்காமல் திணறியது. பலரால் எண் பெற முடியவில்லை. அன்றே கட்டாயம் தள்ளிவைக்கப்பட்டது. சாவடியில் நெரிசல் என்றால் வண்டிகள் அந்த ஒரு சாவடியில் மட்டும் நிற்கும். மைய வழங்கி நின்றால் நாடெங்கும் ஒரே நேரத்தில் சரக்கு நிற்கும் என்பதை அந்த நாள் காட்டியது.

திறன் கூட்டப்பட்ட பின் 2018 ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கிடையிலான நகர்வுக்கு இ-வே பில் கட்டாயமானது. மாநிலத்துக்குள்ளான நகர்வுக்குத் தொகுதி தொகுதியாக விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் 2 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலத்துக்குள் செல்லும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம் ரூபாய் என வைக்கப்பட்டது.

இந்த வரம்புகள் பட்டாசு வணிகத்துக்கு என்ன பொருள் தருகின்றன என்று பார்க்கலாம். பட்டாசுக்கான வரி 2017 நவம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. இ-வே பில்லுக்கான மதிப்பில் வரியும் சேரும். 42,400 ரூபாய்ப் பட்டாசு, வரியோடு 50,032 ரூபாய் ஆகிவிடும். ஆகவே வெளிமாநில வணிகர் ஒருவருக்குச் செல்லும் சிறிய பண்டல்கூட எளிதில் வரம்பைத் தாண்டும்.

பட்டாசுப் பெட்டியின் பயணத்தில் கோரிக்கைகள்

இ-வே பில்லுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் அனுப்புபவர், பெறுபவர், விலைப்பட்டியல் எண், பொருளின் வகைக் குறியீடு, மதிப்பு, வரி ஆகியவை இருக்கும். இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும். திருத்தங்கல் பக்கத்து ஆலையிலிருந்து பெட்டிகள் சிறு வண்டியில் சிவகாசி லாரி அலுவலகத்துக்குப் போகும். அங்கே பல ஆலைகளின் பெட்டிகள் சேர்ந்து ஒரு பெரிய லாரியில் ஏறும். சரக்கை அனுப்புபவரிடமிருந்து போக்குவரத்து நிறுவனம் வரையிலான 50 கிலோமீட்டருக்குட்பட்ட இந்த முதல் நடைக்கு, அது மாநிலத்துக்குள் இருந்தால், வண்டி எண் பதியவேண்டியதில்லை என்று விதி விலக்கு தருகிறது. பெரிய லாரி கிளம்பும்போது போக்குவரத்து நிறுவனம் வண்டி எண்ணைப் பதிந்து, பல பில்களைச் சேர்த்து ஒரே தொகுப்பு இ-வே பில் எடுக்கலாம்.

பில்லுக்கு ஆயுளும் உண்டு. தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிடப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாறியது. 2,000 கிலோமீட்டர் செல்லும் சரக்குக்கு 20 நாளாக இருந்த காலம் 10 நாளாயிற்று. வண்டி பழுதாகி நின்றால் ஆயுளை நீட்டிக்க வேண்டும். முறையான பில் இல்லாத சரக்கையும் வண்டியையும் நிறுத்திவைக்கச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. பருவத்துக்குள் விற்றாக வேண்டிய தீபாவளிச் சரக்குக்கு வழியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு.

இந்த எண்ணைப் பெறத் திறக்கப்பட்ட வழிகளுள் நான்கு இவை. இணையதளத்தில் நேரே தட்டச்சு செய்யலாம். குறுஞ்செய்தி அனுப்பலாம். எக்செல் தாளில் பல பில்களை நிரப்பி ஜேசான் கோப்பாக மாற்றி ஒரே முறையில் ஏற்றலாம். நான்காவது, நிறுவனத்தின் பில் போடும் மென்பொருளே ஏ.பி.ஐ. வழியாக நேரடியாகக் கேட்கலாம்.

நான்காவது வழியில் நடப்பது இது:

1. முதலில் அறிமுகம். நிறுவனத்தின் வழங்கி, தன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், தானே அப்போது உருவாக்கிய ஒரு தற்காலிகச் சாவியையும் அரசு வழங்கியின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்புகிறது. அதை அரசு வழங்கி மட்டுமே திறக்க முடியும்.

2. அரசு வழங்கி சரிபார்த்து ஒரு டோக்கனையும், அந்த அமர்வுக்கான இன்னொரு சாவியையும் திருப்பித் தருகிறது. டோக்கன் 6 மணி நேரம் செல்லும். ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக உள்நுழைய வேண்டியதில்லை.

3. நிறுவனத்தின் வழங்கி விலைப்பட்டியல் விவரங்களை ஜேசான் வடிவில் எழுதி, அமர்வுச் சாவியால் மறையாக்கம் செய்து, டோக்கனோடு அனுப்புகிறது.

4. விவரங்கள் சரியாக இருந்தால் 12 இலக்க எண் பதிலாக வருகிறது. தவறு இருந்தால் பிழைக் குறியீடு வருகிறது.

இதற்கெல்லாம் முன்நிபந்தனையாக, கோரிக்கை இந்தியாவுக்குள் இருக்கும் நிலையான ஐ.பி. முகவரியிலிருந்து வரவேண்டும். அந்த முகவரி முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும். மேலே பார்த்த மூன்று காரணங்களும் இங்கே ஒன்றாக நிற்கின்றன. ஆலை அலுவலகத்தின் சாதாரண இணைப்பிலுள்ள உலாவியால் இந்தக் கோரிக்கையை அனுப்ப முடியாது. வழங்கி இருந்தே ஆகவேண்டும்.

விலைப்பட்டியலும் வழங்கி வழியே

சரக்கு நகர்வுக்கு அடுத்து விலைப்பட்டியலும் இதே முறைக்கு வந்தது. மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், 2020 அக்டோபர் 1 அன்று ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. 2021 ஜனவரி 1 அன்று வரம்பு 100 கோடியாகவும், 2021 ஏப்ரல் 1 அன்று 50 கோடியாகவும் இறங்கியது. 2022 ஏப்ரல் 1 அன்று 20 கோடி, 2022 அக்டோபர் 1 அன்று 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1 அன்று 5 கோடி என்று படிப்படியாகக் குறைந்தது. பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களின் பிரச்சினையாகத் தொடங்கியது, மூன்றாண்டுகளுக்குள் சிவகாசி வட்டாரத்தின் நடுத்தரப் பட்டாசு ஆலை, அச்சகம் ஆகியவற்றின் மேசைக்கு வந்துவிட்டது.

இம்முறையில் நிறுவனம் தன் மென்பொருளில் விலைப்பட்டியலைத் தயாரித்துப் பதிவு வழங்கிக்கு அனுப்பும். வழங்கி அதற்கு 64 எழுத்துக்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணையும், கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியீட்டையும் தரும். இவை இல்லாத விலைப்பட்டியல், கட்டாயத்துக்கு உட்பட்ட விற்பனையில் செல்லாது. அதே கோரிக்கையிலேயே போக்குவரத்து விவரங்களைச் சேர்த்தால் இ-வே பில் எண்ணும் கூடவே கிடைக்கும்.

பதில் வராதபோது

வழங்கி அனுப்பும் கோரிக்கைகளில் மிகக் கடினமான நிலை, பிழை வருவது அன்று. எந்தப் பதிலும் வராமல் போவது. கோரிக்கை போய்ச் சேரவில்லையா? சேர்ந்து, வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1999இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 தர ஆவணம் இதற்கான அடிப்படை வேறுபாட்டை வகுத்திருந்தது. தகவலைப் படிக்கும் ‘கெட்’ கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் தீங்கில்லை. புதிதாக ஒன்றை உருவாக்கும் ‘போஸ்ட்’ கோரிக்கையை மறுபடி அனுப்பினால் இரண்டு பதிவுகள் உருவாகலாம். ஒரே சரக்குக்கு இரண்டு பில் என்றால், இல்லாத விற்பனைக்கு வரிக் கணக்கு காட்டவேண்டி வரும்.

மின் விலைப்பட்டியலின் அடையாள எண் இந்தச் சிக்கலை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டிருக்கிறது. அது குருட்டாம்போக்கில் தரப்படும் எண் அன்று. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து கணிதமுறையில் பெறப்படுவது. ஒரே விலைப்பட்டியலை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே அடையாள எண்தான் வரும். இரண்டாம் முறை அனுப்பினால், ஏற்கெனவே பதிவானது என்று வழங்கி சொல்லிவிடும்.

ஆகவே நல்ல நிரல் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடிக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முன்பே வரையறுக்கும். பதில் வராவிட்டால் உடனே மறுபடி உருவாக்கச் சொல்லாமல், இந்த ஆவண எண்ணுக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்கும். மீண்டும் முயலும்போது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். ஏற்கெனவே திணறும் வழங்கியை ஆயிரம் நிரல்கள் ஒரே நொடியில் மறுபடி தட்டினால் அது எழவே எழாது.

சிறு உற்பத்தியாளரின் இடம்

இந்த வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. அதிக எண்ணிக்கையில் பில் எடுக்கும் பெரிய நிறுவனங்களே அரசு வழங்கியோடு நேரடியாக இணைய முடிந்தது. மற்றவர்கள் ஜி.எஸ்.டி. சுவிதா வழங்குநர் எனப்படும் இடைநிலை நிறுவனங்களின் வழியாகச் செல்லவேண்டும். ஆலையின் கணக்கு மென்பொருள் இடைநிலை வழங்கியிடம் கேட்கும். இடைநிலை வழங்கி அரசு வழங்கியிடம் கேட்கும். ஒரு கோரிக்கை இரண்டாகிறது. இதற்கு ஆண்டுக் கட்டணமோ, பில்லுக்கு இவ்வளவு என்ற கட்டணமோ உண்டு.

இடைநிலை வழங்கியை நம்புவதென்றால், தன் பெயரில் கேட்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுப்பதாகும். 5 கோடி ரூபாய்க்குக் குறைந்த விற்றுமுதல் உள்ள சிறு தொழிலகங்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமில்லை. ஆனால் சரக்கு வெளிமாநிலம் போகவேண்டுமானால் இ-வே பில் வேண்டும். அவர்களுள் கணினி வசதி இல்லாதவர்கள் வரிக் கணக்காளரிடமோ லாரி அலுவலகத்திலோ சொல்லி எண் எடுக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைமாறுகின்றன. நிறுவனத்தின் பெயரில் பதிவாகும் ஒவ்வொரு பில்லுக்கும் வரிப் பொறுப்பு நிறுவனத்துக்கே உரியது. எண் எடுத்தவர் யார் என்று அரசு வழங்கி பார்ப்பதில்லை. உள்நுழைவுச் சான்றுகள் சரியாக வந்தனவா என்று மட்டுமே பார்க்கிறது.

இதைத் தணிக்கச் சில வழிகள் அமைப்பிலேயே உள்ளன. உரிமையாளர் தம் கணக்கின்கீழ் துணைப் பயனர்களை உருவாக்கி, யார் எதைச் செய்யலாம் என்று வரையறுக்கலாம். தவறாக எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள் நீக்கலாம். தன் பெயரில் பிறர் எடுத்த பில்லை, பெறுபவர் 72 மணி நேரத்துக்குள் மறுக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் இணையதளத்தில் உள்நுழையும் எல்லோருக்கும் கடவுச்சொல்லோடு ஒருமுறைக் கடவெண்ணும் கட்டாயம். கைபேசி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தெரியாமல் உள்நுழைவது இதனால் கடினமாகிறது.

மதிப்பீடு

நாணய விகிதத்தை அறிய எழுதப்பட்ட சிறு நிரலிலிருந்து, சரக்குக்குச் சட்டச் சான்று பெறும் கோரிக்கை வரை இந்த வரலாறு சுமார் 20 ஆண்டுகளில் நடந்தது. முன்னதில் பதில் வராவிட்டால் அரட்டை அறையில் ஒரு எண் பழையதாக இருக்கும். பின்னதில் பதில் வராவிட்டால் சிவகாசியில் ஏற்றிய லாரி கிளம்பாது. தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். அதன்மேல் ஏற்றப்பட்ட பொறுப்பு மாறியிருக்கிறது.

எல்லைச் சாவடிகளில் காத்திருக்கும் நேரம் குறைந்தது உண்மையான நன்மை. காகிதப் படிவங்களுக்காக மாதக்கணக்கில் அலைவதும் நின்றது. அதே வேளையில், சரக்கின் நகர்வு ஒரு மைய வழங்கியின் நலத்தையும், இடைநிலை நிறுவனங்களின் நம்பகத்தையும், தன் சாவிகளைத் தானே காக்கும் திறனையும் சார்ந்ததாயிற்று. இவற்றுள் முதலிரண்டும் சிறு உற்பத்தியாளரின் கையில் இல்லை. மூன்றாவதைக் கற்றுக்கொள்ளலாம். வணிகவியல் மாணவர் கோரிக்கை எப்படிப் போகிறது என்பதையும், கணினி மாணவர் அக்கோரிக்கை யாருடைய பெயரில் போகிறது என்பதையும் அறிந்திருப்பது இந்த வட்டாரத்தின் தொழிலுக்கு நேரடிப் பயன் தரும்.